திரௌபதிக்கு முன்னும் பின்னும்

(நமது சங்கத்தின் நவராத்திரிக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மகாபாரதத்தில் பெண்கள்' என்று பேசச் சொல்லி செயலாளர் கேட்டார். அந்தத் தலைப்பில் பேச உபந்யாசகர்கள் இருக்கிறார்கள். நான் பேங்கில் கணக்கு எழுதி ரிடையர் ஆனவள். வியாசரை ராஜாஜியின் 'வியாசர் விருந்து' வழியாகத்தான் தெரியும். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு திரௌபதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றேன். நம் ஊர் திரௌபதி. ரூபா கங்குலி.

நம் ஊர் என்று சும்மா சொல்லவில்லை. கல்கத்தாவுக்குக் கொஞ்ச தூரத்தில் கல்யாணியில் பிறந்தவர். படித்தது பவானிபூர்ப் பக்கம் பேல்தலா பெண்கள் பள்ளியில், பிறகு ஹாஸ்ராவில் ஜோகமாயா தேவி கல்லூரியில். லேக் மார்க்கெட்காரர்களுக்கு அந்தக் கட்டடத்தைத் தெரியாமல் இருக்காது. காலையில் பெண்களுக்கு ஜோகமாயா, பகலில் அசுதோஷ், சாயங்காலம் சியாமாபிரசாத் என்று ஒரே கட்டடத்தில் மூன்று கல்லூரி. காளிகாட் ஸ்டேஷனிலிருந்து மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன். நம்மில் பலருடைய பிள்ளைகளும் பெண்களும் அந்த மூன்றில் ஒன்றில் படித்தவர்கள்தான். நாடே 'திரௌபதி' என்று கூப்பிட்ட பெண் காலையில் நம்மோடு டிராமில் போய் வந்த மாதிரியான பெண். அது தெரியாமலே நான் பல வருஷம் இருந்தேன்.

பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' 1988 அக்டோபர் 2-ஆம் தேதி ஆரம்பித்தது. 94 வாரம். 1990 நடுவில் முடிந்தது. அதற்கு முன் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' ஒன்றரை வருஷம் ஓடி எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குப் பழக்கி வைத்திருந்தது. இப்போதுள்ள குழந்தைகளுக்கு அதைச் சொன்னால் புரியாது. வீட்டில் ஒரு டி.வி., டி.வி.யில் தூர்தர்ஷன், ஞாயிறு காலை என்றால் ஒரே நிகழ்ச்சி. மாற்ற வேறொன்று இல்லை. சினிமா நடிகையை நாம் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கிறோம். பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறோம். டி.வி. நடிகை நம் கூடத்துக்கு வருகிறாள். வாரா வாரம் வந்து, நாம் ஈரத் தலையும் காபி டம்ளருமாக உட்கார்ந்திருக்கும்போது எதிரே நிற்கிறாள். இரண்டு வருஷம் அப்படி வந்தவளை வேறு பெயரில் கூப்பிட வாய் வருமா?

எங்காத்தில் அப்போது இரண்டாவது மாடி. நான் 1974-ல் கல்யாணமாகி வந்து இறங்கிய அதே வீடு. எதிர் ஃபிளாட்டில் ஒரு வங்காளிக் குடும்பம். அந்த அம்மாளை நாங்கள் மாஷிமா என்போம், அவர் என்னை 'பௌமா' என்பார், மருமகளே என்று அர்த்தம். அவர்கள் டி.வி. அடிக்கடி ரிப்பேர் என்பதால் ஞாயிறன்று எல்லோரும் எங்காத்தில்தான். என் மாமியார் மடியாக ஒரு ஓரத்தில் பலகை போட்டுக்கொண்டு உட்காருவார். மாஷிமா இன்னொரு ஓரத்தில் பான் மடித்தபடி. இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை கிடையாது. 'மகாபாரத்' ஹிந்தியில், அது இருவருக்குமே அரைகுறை. ஆனால் கதை தெரியுமே.

திரௌபதி முதல்முறை வந்த அன்று மாஷிமா தொடையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "பௌமா, இது நம்ம பாடாப் பொண்ணு!" பாடா என்றால் நம் பேட்டை. என் மாமியார் அதைக் கேட்டு, "துருபதன் பொண்ணுன்னா அவ? இந்த மாமி என்ன நம்ம பேட்டைங்கறா?" என்றார். நான் இருவருக்கும் நடுவில் துபாஷியாக இருந்தவள். அன்றைக்கு மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டேன்.

1989-ல் வஸ்திராபஹரண வாரம் வந்தது. அன்றைக்கு எங்காத்தில் இருபது பேராவது இருப்பார்கள், மாடிப்படி வரைக்கும். சபையில் இழுத்து வந்து நிறுத்தியாயிற்று. அவள் கேட்க ஆரம்பித்தாள், அவர் தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா என்று. துச்சாதனன் புடவையில் கை வைத்தான். கரண்ட் போய்விட்டது.

அந்தக் காலத்து லோட்ஷெடிங்கைப் பற்றி இந்த ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை. கூடமே 'ஐயோ' என்றது. என் மாமியார் இருட்டில் 'கோவிந்தா, கோவிந்தா' என்று அலற ஆரம்பித்துவிட்டார், நிஜமாகவே, கரண்ட் வராவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் புடவை வராது என்பதைப் போல. சமாதானப்படுத்த வழி தெரியாமல், "அம்மா, நான் பாடறேன்" என்று கண்ணன் பாட்டு ஒன்று பாடினேன். நான் முடித்ததும் இருட்டில் எதிர் மூலையிலிருந்து மாஷிமா ஒரு ரவீந்திர சங்கீதம் பாடினார். கரண்ட் வந்தபோது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. என் மாமியார் கடைசிவரை அந்தப் புடவை வளர்ந்ததைப் பார்க்கவில்லை.

இதை நான் ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் வரும். இப்போது அந்த நடிகையிடம் வருகிறேன்.

திரௌபதிக்கு முன்னால் அவர் என்ன செய்தார்? நான் கேட்டுப் பார்த்தவரை நம்மவர்களில் ஒருவருக்கும் தெரியாது. முதல் படம் 1986-ல், 'நிரூபமா' என்று பிஜய் சட்டர்ஜி எடுத்த ஹிந்தித் தொலைக்காட்சிப் படம். கூட நடித்தவர் சௌமித்ர சட்டர்ஜி. சத்யஜித் ராயின் அபு, ஃபெலுதா எல்லாம் செய்த அதே சௌமித்ர. தாகூர் 1891-ல் எழுதிய 'தேனா பாவ்னா' என்ற சிறுகதை அது. கொடுக்கல் வாங்கல் என்று தலைப்புக்குப் பொருள். வரதட்சணைக் கதை. அப்பா சொன்ன தொகையைக் கொடுக்க முடியவில்லை. புக்ககத்தில் பெண்ணைப் பிறந்தகம் அனுப்புவதில்லை, மரியாதை இல்லை, உடம்புக்கு வந்தால் வைத்தியம் இல்லை. அப்பா வீட்டை விற்றுப் பணத்தோடு வந்து நிற்கும்போது அந்தப் பெண் கொடுக்காதே என்கிறாள். பிறகு செத்துப் போகிறாள். சவ ஊர்வலம் மட்டும் தடபுடலாக நடக்கிறது. கதை முடிவதற்குள் பையனுக்கு அடுத்த வரன் பார்த்தாகிவிடுகிறது, இந்த முறை இருபதாயிரம் ரொக்கம்.

நம் வீடுகளில் இந்தக் கதைக்குத் தமிழ் வேண்டுமா? யாரும் முகத்தைத் திருப்ப வேண்டாம், நான் யாரையும் சொல்லவில்லை.

அடுத்து 1987-ல் வங்காளத் தொடர் 'முக்தபந்த', பிறகு 'கணதேவதா'. தாராசங்கர் பந்தோபாத்யாயவின் நாவல், 1966-க்கான ஞானபீடம் பெற்றது. ஆக, பம்பாய்க்குப் போகும்போது அந்தப் பெண் ஒன்றும் தெரியாமல் போகவில்லை. இருபது சொச்சம் வயதில் தாகூரையும் தாராசங்கரையும் நடித்துவிட்டுத்தான் வியாசருக்குப் போயிருக்கிறார். சபையில் நின்று கேள்வி கேட்ட அந்தக் குரல் அங்கே பழகிய குரல். ஒரு பெண்ணைப் பணயமாக வைத்துச் சூதாடுவதும், ரொக்கம் பேசி வாங்குவதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. நிரூபமா கேட்ட கேள்வியைத்தான் திரௌபதியும் கேட்டாள், பெரிய சபையில், பட்டுப்புடவையோடு.

அந்தக் காட்சிக்காக 250 மீட்டர் புடவை தனியாகச் செய்வித்தார்கள் என்றும், படப்பிடிப்பில் அவர் அழ ஆரம்பித்து, எடுத்து முடித்த பிறகும் நிறுத்த முடியாமல், சமாதானப்படுத்த அரைமணி ஆயிற்று என்றும் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. அதை நான் நம்புகிறேன்.

இங்கே கொஞ்சம் வழி மாறி என் ஊருக்குப் போய் வருகிறேன். என் பிறந்தகம் செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அந்தப் பிரதேசம் திரௌபதி அம்மன் கோயில்களின் பூமி. கோடையில் பாரதம் படித்து, ராத்திரி ராத்திரியாகக் கூத்து நடக்கும். அக்ரகாரத்துப் பெண் குழந்தைகள் போகக் கூடாது என்று பாட்டி கட்டளை. நான் திண்ணையில் படுத்தபடி மத்தளச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள். ஒரு வருஷம் மட்டும் மாமா கையைப் பிடித்துக்கொண்டு துகிலுரிதல் பார்த்தேன். திரௌபதி வேஷம் கட்டியது ஆண்பிள்ளைதான். துச்சாதனன் புடவையைத் தொடுவதற்கு முன்னால் கூத்தை நிறுத்தினார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். துச்சாதனன் வேஷக்காரரே அம்மனைக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் கை வைத்தார். மறுநாள் அந்தத் திரௌபதி எங்கள் வீட்டுக் கொல்லையில் வைக்கோல் இறக்கிக்கொண்டிருந்தார். "பாஞ்சாலி!" என்று நான் கத்தினேன். அவர் சிரித்துவிட்டு, "அது ராவோட போச்சு பாப்பா" என்றார்.

கூத்தில் அதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. வேஷம் ஏறுவதற்கு முன் கற்பூரம், இறங்கினபின் வைக்கோல். டி.வி.யில் அந்த ஏற்பாடு கிடையாது. கிரீடத்தைக் கழற்றலாம், முகத்தை எங்கே வைப்பது?

இது ரூபா கங்குலிக்கு மட்டும் வந்ததில்லை. ராமனாக வந்த அருண் கோவில், வேறு வேஷத்தில் யாரும் தம்மை ஏற்கவில்லை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தயாரிப்பாளர் கணக்கும் நியாயம்தான். சீதையாகப் பார்த்தவளைக் கதாநாயகன் கையைப் பிடித்து இழுத்தால் தியேட்டரில் கல் விழுமே என்று பயம். சிலருக்கு அந்த முகம் வேறு கடையில் விலை போயிற்று. சீதையும் ராவணனும், அதாவது தீபிகாவும் அரவிந்த் திரிவேதியும், 1991-ல் ஒரே லோக்சபாவில் ஒரே கட்சி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வால்மீகி எதிர்பார்த்திருக்க மாட்டார். கிருஷ்ணராக வந்த நிதீஷ் பாரத்வாஜ் 1996-ல் நம் பக்கத்து ஜாம்ஷெட்பூரிலிருந்து ஜெயித்தார். ராமர் கடைசியாக 2024-ல் மீரட்டில். திரௌபதியும் 2016-ல் ஹவுரா வடக்கில் நின்று, கிரிக்கெட் வீரர் லக்ஷ்மி ரதன் சுக்லாவிடம் தோற்றார். அதே வருஷம் ராஜ்யசபாவுக்கு நியமிக்கப்பட்டு 2022 வரை இருந்தார். அரசியல் நம் சங்கத்தில் பேசுவதில்லை, நானும் பேசவில்லை. அப்போதும் பத்திரிகைத் தலைப்பில் 'திரௌபதி' என்றுதான் போட்டார்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நடித்து முடித்து கால் நூற்றாண்டு ஆன பிறகு.

ஹிந்தி சினிமாவும் அவரைச் சோதித்துப் பார்த்தது. மிருணாள் சென்னின் 'ஏக் தின் அசானக்', அது வேறு தரம். மற்றபடி 1990-ல் 'பஹார் ஆனே தக்', 1991-ல் 'சௌகந்த்'. பின்னது அக்ஷய் குமார் கதாநாயகனாக அறிமுகமான படம். அந்தக் கதாநாயகன் எங்கே போனார் என்று தெரியும். இவரை அந்த ஊர் தொடரவில்லை.

அவர் செய்தது, திரும்பி வந்தது. இதில்தான் என் பிராயச்சித்தமும் இருக்கிறது.

1993-ல் கௌதம் கோஷின் 'பத்மா நதிர் மாஜி' வந்தது. மாணிக் பந்தோபாத்யாயவின் 1936 நாவல். இந்தியாவும் பங்களாதேஷும் சேர்ந்து எடுத்த படம். தேசிய விருதில் இரண்டாவது சிறந்த படம், சிறந்த டைரக்டர். முதல் பரிசு அந்த வருஷம் நம் ஜி.வி. ஐயரின் சம்ஸ்கிருத 'பகவத் கீதை'க்கு. மாஷிமா டிக்கெட்டோடு வந்து நின்றார். "பௌமா, வா, நம்ம பொண்ணு படம்." என் மாமியார் கேட்டார், "என்ன வேஷமாம்?" மீனவக் குடும்பத்துப் பெண் என்றேன். "சிவ சிவா! திரௌபதியைப் போய் மீன் கூடையோட பார்க்கணுமா?" என்றார். என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அவளைக் கல்யாணம் பண்ணிண்டதே மீனை அடிச்சுத்தானே அம்மா" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் நான் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

மாஷிமா தனியாகப் போய்விட்டு வந்தார். மறுநாள் மாடிப்படியில் நின்று சொன்னார், கோபமில்லாமல்தான்: "உங்கள் ஊர்ப் பாட்டுக் கச்சேரிக்கு நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் வந்தேன். புரியாவிட்டாலும் உட்கார்ந்தேன். இருபது வருஷம் எங்கள் ஊரில் இருக்கிறாய், எங்கள் படம் ஒன்றுகூட நீ பார்த்ததில்லை."

அது உண்மை. கொலுவுக்கு அவரைக் கூப்பிட்டேன், சுண்டல் கொடுத்தேன், துர்க்கா பூஜைக்குப் போய்ப் பந்தல் பார்த்தேன். பாஷையும் பேசினேன். ஆனால் அவர்களுடைய கதைக்குள் போகவில்லை. நமக்குப் பொதுவான திரௌபதி போதும் என்று இருந்துவிட்டேன். மாஷிமா 2001-ல் காலமானார்.

அப்புறம் 2020. மார்ச் கடைசியில் நாடு முழுக்கப் பூட்டியபோது தூர்தர்ஷன் 'ராமாயண்' போட்டது, டி.டி. பாரதியில் 'மகாபாரத்'. என் கணவர் போய் இரண்டு வருஷம். பிள்ளை நியூஜெர்சியில். வேலைக்காரி வர முடியாது. நான் ஒருத்தி, கூடம், டி.வி. அதே வஸ்திராபஹரணம் வந்தது. முப்பத்தொரு வருஷம் கழித்துப் புடவை வளர்ந்ததைப் பார்த்தேன். சொல்லப்போனால் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, ட்ரிக் காட்சி இப்போது பழசாகிவிட்டது. அதற்கு முன்னால் அந்தப் பெண் பீஷ்மரைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதுதான். அழுகையைவிட அது பெரிசு. 1989-ல் எங்களுக்கு அழுகைதான் தெரிந்தது.

உடனே பிள்ளையிடம் போனில் கேட்டு, லாப்டாப்பில் அவருடைய வங்காளப் படங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் 'பத்மா நதிர் மாஜி'. அவருக்குக் கபிலா வேஷம். புருஷனோடு ஒத்துப்போகாமல், அக்கா வீட்டுக்கு வந்து, அக்கா புருஷன் மனசைக் கலைத்துவிடும் பெண். சரி தப்பு என்று கையில் அகப்படாத பாத்திரம். சிரிக்கிறாள், வம்பு பண்ணுகிறாள், வெள்ளத்தில் வீடு போனவள் சிரிக்கிற சிரிப்பு அது. ஒரு இடத்திலும் சபையில் நின்ற மகாராணி எட்டிப் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்தில் நான் திரௌபதியை மறந்துவிட்டேன். அதற்கு எனக்கு இருபத்தேழு வருஷம் ஆகியிருக்கிறது.

அபர்ணா சென்னின் 'யுகாந்த்', 1995. அதில் நாட்டியக்காரி. விளம்பரக் கம்பெனி கணவன், அஞ்சன் தத். பிரியப் போகிற தம்பதி, கல்யாணமான புதிதில் போன கடற்கரைக்கே பல வருஷம் கழித்துப் போகிறார்கள். பேச்சு, பேச்சு, சண்டை. எனக்கு நடுவில் தூக்கம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் கடலே பற்றி எரியும். அதை மறக்க முடியவில்லை.

ரிதுபர்ணோ கோஷின் 'அந்தர்மஹல்', 2005. இது தாராசங்கர் கதை. சில காட்சிகளை இந்த மேடையில் சொல்ல முடியாது, குழந்தைகளோடு பார்க்கவும் வேண்டாம். ஆனால் நம் சமூகம் யோசிக்க வேண்டிய படம். ஒரு ஜமீன்தார், வாரிசுக்காக இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டவர். துர்க்கை சிலைக்கு விக்டோரியா மகாராணியின் முகத்தை வைத்து வெள்ளைக்காரனிடம் பட்டம் வாங்க ஆசை. ரூபா கங்குலி மூத்த தாரம், மகாமாயா. வீட்டுக்குள் யாரும் கேட்காத பெண். சாஸ்திரம் படித்தவர்களும் ஜமீன்தார் பக்கம்தான். பீஷ்மரும் துரோணரும் எந்தப் பக்கம் இருந்தார்கள், நினைத்துப் பாருங்கள். திரும்பவும் அதே சபை. இந்தத் தடவை புடவை கொடுக்க யாரும் வரவில்லை.

இதற்கு நடுவில் சம்பாத்தியத்துக்காகவும் நடித்திருக்கிறார், அதை மறைக்க வேண்டாம். 2006-ல் 'கரம் அப்னா அப்னா' போன்ற மாமியார் மருமகள் ஹிந்தித் தொடர். 2012-ல் 'பர்ஃபி'யில் கதாநாயகியின் அம்மா. வசதிக்காகக் காதலை விட்டவள், பெண்ணை அழைத்துப் போய்த் தான் விட்ட மனுஷனைத் தூரத்திலிருந்து காட்டுவாள். இரண்டு நிமிஷக் காட்சி. படத்தில் எனக்கு நின்றது அதுதான். 2023-ல் வங்காளத் தொடர் 'மேயேபேலா'வில் மாமியாராக வந்து, சில மாதத்தில் விலகினார். பாத்திரத்தைக் கெட்டவளாகத் திருப்பியது தமக்குச் சரிப்படவில்லை என்று காரணம் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. 1986-ல் புக்ககத்தில் கொடுமைப்பட்டுச் சாகும் மருமகளாக ஆரம்பித்தவர் அல்லவா? வேறு யாராவது விலகியிருந்தால் நான் கவனித்திருக்க மாட்டேன்.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்த படம் 'அபசேஷே'. அதிதி ராய் டைரக்ஷன். 'கடைசியில்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளை. அம்மா கல்கத்தாவில் தனியாக இருந்து காலமாகிவிட்டாள். வீட்டை விற்றுப் பணமாக்கிக்கொண்டு போக வருகிறான். வந்த இடத்தில், அம்மா எழுதி வைத்தது, தெரிந்தவர்கள் சொல்வது, இப்படி ஒவ்வொன்றாக, தான் தெரிந்துகொள்ளாத ஒரு பெண்ணைக் கண்டுபிடிக்கிறான். அந்த அம்மா ரூபா கங்குலி. அதில் அவரே பாடியிருக்கிறார். ரவீந்திர சங்கீதம் முறையாகக் கற்றவர். அந்தப் பாட்டுக்காக 2011-ஆம் வருஷத்துக்கான தேசிய விருது, சிறந்த பின்னணிப் பாடகி. நடிப்புக்கு இல்லை, பாட்டுக்கு! நாடெல்லாம் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அரசாங்கம் குரலுக்காகப் பரிசு கொடுத்தது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கை தூக்க வேண்டாம், போன வருஷம் வரை நானே தூக்கியிருக்க மாட்டேன்.

இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேரின் குழந்தைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும். பாதி வீடுகளில் ஃபிளாட்டை என்ன செய்வது என்ற பேச்சு நடக்கிறது. எங்காத்திலும்தான். புரொமோட்டர் இரண்டு தடவை வந்து போய்விட்டார். பிள்ளை, "அம்மா, நீ இங்கே வந்துடு, அந்த வீட்டில் என்ன இருக்கு?" என்கிறான். அவன் நல்ல பிள்ளை. ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. படத்தின் பெயரைச் சொல்லி, பார்த்துவிட்டுப் பேசு என்றேன். "என்னம்மா, உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதது என்ன இருக்கு?" என்றான். இந்தத் தெருவில் ஐம்பது வருஷமாக என்னை 'இட்லி மாஷிமா' என்கிறார்கள். பேங்கில் 'மெட்ராஸ் திதி'. அவனுக்கு அம்மா. எல்லாம் சரிதான்.

பத்து நாள் கழித்து, அங்கே விடியற்காலை இருக்கும், கூப்பிட்டான். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா, நான் சின்னப் பையனா இருக்கச்சே ஒரு நாள் கரண்ட் போச்சே, கூடம் நிறையப் பேர். நீ இருட்டுல பாடினே. அப்புறம் எதிராத்து மாமி பாடினா. ஞாபகம் இருக்கா?" என்றான். இருக்கு என்றேன். "அதுக்கப்புறம் நீ பாடியே நான் கேட்டதில்லையே, ஏன்?" என்றான்.

நான், பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பால் ஒன்றும் பொங்கவில்லை. வீட்டை விற்கும் பேச்சு இப்போதைக்கு நிற்கிறது. அவன் டிசம்பரில் வருகிறான்.

செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். அவன் வந்திருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஹாலில் 'அபசேஷே'யைத் திரையில் போட அனுமதிக்க வேண்டும். வங்காளம் வராதவர்களுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன், துபாஷி வேலை எனக்குப் பழக்கம்தான். மாஷிமாவின் பெண் இப்போது கரியாவில் இருக்கிறாள், அவளையும் கூப்பிட்டிருக்கிறேன். காபியும் போண்டாவும் என் பொறுப்பு. ஜெனரேட்டர் மட்டும் சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும்.